கழற்றிய போல்ட்டையே மாட்டலாமா?

காரின் முன்பக்கச் சஸ்பென்ஷன் வேலைக்கு ஒர்க்‌ஷாப்பில் எழுதித் தரும் எஸ்டிமேட்டைப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் இருக்கும், லோயர் ஆர்ம் இருக்கும், லிங்க் ராடு, புஷ், வீல் பேரிங் இருக்கும், கடைசியில் லேபரும் அலைன்மெண்டும் இருக்கும். இத்தனையையும் காரோடு பிடித்து நிறுத்துகிற போல்ட்டும் நட்டும் மட்டும் இருக்காது. அவை கழற்றி மாட்டுகிற சாமான்களே தவிர, மாற்றுகிற சாமான்கள் அல்ல என்பது நம் ஊர்களில் ஊறிப்போன வழக்கம். முன்சக்கரத்தைப் பொறுத்தவரையிலாவது இந்த வழக்கம் ஒழிய வேண்டும். பேரிங்குக்காக ஹப்பைப் பிரிக்கும்போதே அதிலுள்ள வீல் போல்ட்டுகளை மாற்றிவிட வேண்டும். ஒரு முறைக்கு மேல் போடக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கும் நட்டுகளையும் அப்போதே மாற்ற வேண்டும். அதற்கான காசை மெக்கானிக் கேட்பதற்கு முன்பே கார் வைத்திருப்பவர் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

தேவதானப்பட்டி போன்ற ஊரில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து குமுளி போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் இது. பக்கத்திலேயே காட்ரோடு. அங்கிருந்துதான் கொடைக்கானலுக்கு மலைச்சாலை ஏறுகிறது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலிலிருந்து மஞ்சளாறு அணையின் அடிவாரத்துக்கு இறங்கும் கார், வழி நெடுகப் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் இறங்குகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாய்கிறது. இரண்டும் சேரும் கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒரு முன்சக்கரம் காரின் சுமையில் பெரும்பங்கைத் தாங்குகிறது. டிஸ்க்கின் சூடு ஹப்புக்கும் போல்ட்டுக்கும் ஏறுகிறது. மேற்கே போனால் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு என்று மூன்று மலைப்பாதைகள். ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளின் பாடு ஊரறிந்தது. ஆக, தேனி மாவட்டத்து ஒர்க்‌ஷாப்பில் மாட்டப்படும் முன்சக்கரம் பெரும்பாலும் அடுத்த சில நாட்களில் ஒரு மலையைச் சந்திக்கும்.

சக்கரத்தைப் போல்ட்டுகள் தாங்கிப் பிடித்திருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் போல்ட்டின் வேலை தாங்குவது அல்ல, இறுக்குவது. நட்டை முடுக்கும்போது போல்ட்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும் விசைதான் வீலை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. சிறிய கார்களின் வீல் நட்டுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் முடுக்கம் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் 100 நியூட்டன் மீட்டர் முடுக்கினால் ஏறத்தாழ நான்கு டன் இழுவிசை கிடைக்கிறது. நான்கு போல்ட்டுக்குப் பதினாறு டன். இந்த அழுத்தம் இருக்கும்வரை வீலும் ஹப்பும் ஒரே இரும்புத் துண்டு மாதிரி நடந்துகொள்ளும், போல்ட்டுக்குக் குறுக்கு வெட்டு ஏறாது. அழுத்தம் குறைந்தால் வீல் மயிரிழை நகரும், அந்த நகர்வு ஒவ்வொரு சுற்றிலும் போல்ட்டை முன்னும் பின்னும் வளைக்கும். கம்பியை மாறி மாறி வளைத்து முறிப்பது போலத்தான் முடிவு.

நம் ஊரில் வீல் நட்டு எப்படி முடுக்கப்படுகிறது? பஞ்சர் கடையில் ஏர் கன், வழியில் ஸ்டெப்னி மாற்றும்போது வீல் ஸ்பேனரில் செருகிய ஒரு குழாய். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் குழாயின் நுனியில் ஏறி நின்றால் 600 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் போகிறது. சொல்லப்பட்ட அளவைப் போல ஆறு மடங்கு. துருவில்லாத 12 மில்லிமீட்டர் ஹை டென்சைல் போல்ட்டு 200-ஐ நெருங்கும்போதே திரும்பி வராத நீட்சிக்குள் போய்விடும். அப்படி நீண்ட போல்ட்டு அன்றைக்கே முறியாது. மரைக்குக் கீழே கழுத்து லேசாக இளைத்திருக்கும்; நட்டு கையால் பாதிவரை சுலபமாக ஓடி, அப்புறம் பிடிக்கும். மரையின் இடைவெளி அந்த இடத்தில் கெட்டுவிட்டது என்று பொருள். இதைப் பார்த்தும் எண்ணெய் தொட்டுக் கன்னை வைத்து ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முடுக்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கப் போகிறது. மீதியை நட்டின் முகமும் மரையும் உராய்வாகத் தின்கின்றன. எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, அதே முடுக்கத்தில் போல்ட்டு கூடுதலாக இழுபடுகிறது.

சரி, கெட்டுப்போன போல்ட்டைக் கெட்டபிறகு மாற்றிக்கொள்ளலாமே, சஸ்பென்ஷன் வேலையோடு ஏன் முடிச்சுப் போட வேண்டும்? இதற்குப் பதில் ஹப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. வீல் போல்ட்டு ஹப்பின் பின்பக்கத்திலிருந்து செருகப்பட்டு, தலைக்குக் கீழே உள்ள பல் வரிகளால் ஓட்டைக்குள் இறுகி நிற்கிறது. பல கார்களில் முன் ஹப்புக்குப் பின்னால் நக்கிளும் தகடும் நெருக்கமாக நிற்பதால் பழைய போல்ட்டைப் பின்னால் தள்ளி எடுக்க இடம் கிடையாது. நக்கிளைக் கழற்றி, ஹப்பைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினால்தான் உண்டு. அப்படித் தள்ளும்போது பேரிங்கின் உள்வளையம் ஹப்போடு பிய்ந்து வரும். அந்தப் பேரிங்கைத் திரும்பப் போட முடியாது. பிரஸ்ஸுக்குப் போகாமல் இருந்த இடத்திலேயே சுத்தியலால் அடித்தால், அந்த அடி பேரிங்கின் குண்டுகள் வழியாகத்தான் இறங்கும். பேரிங் மாற்றுவதற்காக ஹப் மேசைமேல் தனியாகக் கிடக்கும் அந்த அரை மணி நேரத்தில் போல்ட்டை மாற்றக் கூடுதல் கூலி என்று பெரிதாக எதுவும் இல்லை. சிறிய கார்களுக்கு நான்கு போல்ட்டும் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடியும். அதை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து ஒரு போல்ட்டு சுற்றிக்கொண்டு நின்றால், புதிதாகப் போட்ட பேரிங்கையும் தண்டம் அழ வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சித்தான் போல்ட்டின் தலையை ஹப்போடு வெல்டிங் வைக்கும் கொடுமை நடக்கிறது. சூட்டுப் பதத்தால் பலம் பெற்ற எஃகை வெல்டிங் சூடு என்ன செய்யும் என்பது லேத் பட்டறையில் இருப்பவர்களுக்குத் தெரியாதது அல்ல.

நட்டுகளின் கதை இன்னும் தெளிவானது. முன்சக்கர இழுவைக் கார்களில் டிரைவ் ஷாஃப்டின் நுனியில் ஒரு பெரிய நட்டு இருக்கும். பல மாடல்களில் முடுக்கியபின் அதன் விளிம்பைப் பஞ்ச் வைத்து ஷாஃப்டின் பள்ளத்துக்குள் நசுக்கிப் பூட்டுவார்கள். நசுக்கிய விளிம்பை உளியால் நிமிர்த்திக் கழற்றி, அதே நட்டை மறுபடி மாட்டி இன்னொரு தடவை நசுக்குகிறோம். விளிம்பு கீறிவிட்டால் பூட்டே இல்லை. வீல் பேரிங்கின் உள்வளையங்களைச் சரியான நெருக்கத்தில் பிடித்திருப்பதும் இந்த நட்டுதான். அது தளர்ந்து புதுப் பேரிங் சீக்கிரமே சத்தம் போட ஆரம்பித்தால் ‘டூப்ளிகேட் பேரிங்’ என்று பழி வேறு பக்கம் போகும். லிங்க் ராடிலும் ஆர்மிலும் வரும் நைலான் வளைய நட்டுகளும் ஒரு தடவை கழற்றியதும் பிடிப்பை இழக்கின்றன. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் சர்வீஸ் கையேடுகள் டிரைவ் ஷாஃப்ட் போல்ட்டைக் கழற்றினாலே புதிது போடச் சொல்கின்றன. அந்தப் போல்ட்டை வேண்டுமென்றே நீட்சி எல்லைவரை முடுக்குகிறார்கள் என்பதால்.

தொழிற்சாலையில் போட்ட வீல் போல்ட்டு கார் ஆயுள் முழுக்க வருவதற்காகச் செய்யப்பட்டது, கையேடு அதை மாற்றச் சொல்லவில்லையே என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. டார்க் ரெஞ்சைத் தவிர வேறெதுவும் தொடாத போல்ட்டு என்றால் அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. அப்படிப்பட்ட கார்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை அகப்படும்? கன்னும் குழாயும் பட்ட போல்ட்டுக்குக் கையேட்டின் உத்தரவாதம் பொருந்தாது. பேரிங்குக்குப் போகாமல் ஷாக் அப்சார்பர் மட்டும் மாற்றும் வேலையில் போல்ட்டை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். நட்டு கையாலேயே அடிவரை ஓடுகிறதா என்று ஒவ்வொன்றையும் சோதித்தால் போதும். ஒன்று முறிந்திருந்தால் மட்டும் அந்தச் சக்கரத்தின் எல்லாப் போல்ட்டையும் மாற்ற வேண்டும். முறிந்ததன் பங்கையும் சேர்த்துச் சுமந்தவை மற்றவைதான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. அசல் போல்ட்டு ஊரில் கிடைக்காது, கடையில் டப்பாவில் கொட்டி வைத்திருப்பதை வாங்கி மாட்டுவதற்குப் பழைய அசலே மேல் என்பது. இதை ஒப்புக்கொள்கிறேன், எதையாவது மாற்றுவதற்குப் பெயர் மாற்றுவது அல்ல. மாருதி கார்களின் 12 மில்லிமீட்டர் போல்ட்டில் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், ஹூண்டாயில் அதே 12-க்கு 1.5. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஏர் கன் கையிலிருந்தால் ஒன்றின் நட்டை இன்னொன்றில் ஏற்றிவிடவும் முடியும், மரையைச் சிதைத்து. கண்ணளவை நம்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானமே சாட்சி. முந்தைய நாள் விமானியின் முன்கண்ணாடியை மாற்றியவர், கழற்றிய போல்ட்டோடு ஒப்பிட்டுக் கண்ணாலேயே புதியவற்றை எடுத்தார். 90-இல் 84 போல்ட்டுகள் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பின்னம் சிறியவை. பதினேழாயிரம் அடி உயரத்தில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய், கேப்டன் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். துணை விமானி இறக்கிவிட்டதால் எல்லோரும் பிழைத்தார்கள். எனவே பார்ட் நம்பர் சொல்லி மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வரவழைக்க வேண்டும். எஸ்டிமேட் போடும் அன்றே சொல்லிவிட்டால் பேரிங் வரும் பார்சலிலேயே போல்ட்டும் வந்துவிடும். உலகத்துக் கார்களுக்கெல்லாம் ஹை டென்சைல் போல்ட்டு செய்யும் சுந்தரம் ஃபாஸ்னர்ஸின் ஆலை ஒன்று மதுரை தாண்டி ஆவியூரிலேயே இருக்கும்போது, நல்ல போல்ட்டு நமக்கு எட்டாத பொருள் என்பது நம்பும்படியாக இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாத பொருள், அவ்வளவுதான்.

கேட்காததன் பழியை மெக்கானிக் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. எஸ்டிமேட்டில் இல்லாத நானூறு ரூபாய் பில்லில் வந்தால் சண்டை பிடிப்பது யார்? அந்தச் சண்டைக்குப் பயந்து அவர் ஒன்று கைக்காசைப் போட வேண்டும், இல்லையென்றால் பழையதை மாட்ட வேண்டும். எந்த நட்டை மாற்ற வேண்டும், எதை எவ்வளவு முடுக்க வேண்டும் என்ற தகவலும் அவர் கைக்கு ஒழுங்காக வருவதில்லை. உதிரிபாகங்களையும் கையேடுகளையும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொடுக்காமல் தடுத்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த ஆணையின் பலன் தேவதானப்பட்டி அளவுக்கு இன்னும் இறங்கி வரவில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் முடுக்க அளவும், ஒரு முறை மட்டுமே போட வேண்டிய நட்டு போல்ட்டுகளின் பட்டியலும் தமிழில், இலவசமாக, பார்ட் நம்பரோடு வெளியிடுவதற்குக் கார் நிறுவனங்களுக்கு என்ன செலவாகிவிடும்?

சட்டமும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று இருக்கிறது. சொந்தக் காருக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவே 15 ஆண்டுக்குச் செல்லும் என்பதால் அதுவரை யாரும் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லாரிச் சக்கரங்கள் கழன்று உயிர்கள் போனபிறகு, 1997-இல் கனரக வண்டியின் சக்கரம் ஓட்டத்தில் கழன்றாலே குற்றம் என்று சட்டம் போட்டார்கள். ‘நான் சரியாகத்தான் முடுக்கினேன்’ என்ற வாதம் அங்கே செல்லாது. அபராதம் 50,000 டாலர் வரை. நமக்கு அவ்வளவு கடுமை வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அபராதம் கடைசியில் சின்ன ஒர்க்‌ஷாப்காரர் தலையில்தான் விடியும்.

‘இருபது வருஷமா பழைய போல்ட்டுதான் மாட்டுறோம், ஒண்ணும் ஆகலையே’ என்பது எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கக்கூடிய பதில். உலோகச் சோர்வு முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. விரிசல் மரையின் அடியில் தொடங்கி, நட்டுக்குள் மறைந்தபடியே வளர்கிறது. முறியும் நாளில் வண்டி யாரிடம் பஞ்சர் ஒட்டியது, யாரிடம் ஸ்டெப்னி மாற்றியது என்ற கணக்கெல்லாம் கலந்துபோயிருக்கும், ஆகையால் சஸ்பென்ஷன் வேலை செய்தவர் காதுக்குச் செய்தி போகவே போகாது. ஒன்றும் ஆகவில்லை என்று அவர் நம்புவதில் வியப்பில்லை. புதுப் போல்ட்டு போட்டாலும் வேலை அன்றோடு முடிவதில்லை. வீலும் ஹப்பும் நட்டும் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் இறுக்கம் சற்றுக் குறையும்; டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். வேலை முடிந்த கையோடு மலை ஏறுகிறவர்கள் அந்தச் சோதனையை மேலே, இறங்கத் தொடங்கும் முன்பு, சக்கரம் ஆறியிருக்கும்போது செய்துகொள்வது நல்லது.