எந்தக் கியர்ப் பெட்டி நெடுநாள் உழைக்கும்?



மகிழுந்து வாங்கும்போது நிறத்தையும் மாதத் தவணையையும் பற்றி நெடுநேரம் பேசுகிறோம். தானியங்கிக் கியர்ப் பெட்டி எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்பவர் அரிது. நம் நாட்டில் மகிழுந்துக் கடன் 9 ஆண்டு வரை நீள்கிறது. உத்தரவாதமோ பெரும்பாலும் 5 ஆண்டோடு முடிகிறது. எஞ்சிய ஆண்டுகளில் பெட்டி பழுதானால், பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்த்த பணம்தான் பட்டறைக்குப் போகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர்மலை வட்டாரத்தில் குடியிருந்து, பழைய மகிழுந்து வாங்க எண்ணும் குடும்பத்துக்கு, டார்க் கன்வர்ட்டர் கொண்ட 4 வேகப் பெட்டியே ஏற்றது. வண்டி புறப்படும்போது இயந்திரத்தின் சுழற்சியை அதில் எண்ணெய்தான் கடத்துகிறது. ஆகவே நெரிசலில் ஊர்ந்தாலும் தேய்மானம் குறைவு. எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உலர்வகை இரட்டை கிளட்ச் பெட்டி விரைவானது, சிக்கனமானது. ஆனால் தைப்பூச நாளில் ஜாலான் கெபுன் பூங்காவிலோ, மாலை வேளையில் பினாங்குப் பாலத்திலோ ஊர்ந்து செல்லும்போது, அதன் தட்டுகள் அரைகுறையாகப் பற்றி உரசிச் சூடேறுகின்றன. சூட்டினால் வரும் தொல்லை இது மட்டுமன்று. 2013 நவம்பரில் வோக்ஸ்வேகன் நிறுவனம் தன் 7 வேக டிஎஸ்ஜி பெட்டிகளில் செயற்கை எண்ணெயை அகற்றிக் கனிம எண்ணெய் ஊற்றுவதற்காக, உலகெங்கும் ஏறத்தாழ 16 இலட்சம் மகிழுந்துகளைத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நின்று நின்று ஓடும்போது மின்கோளாறு நேரலாம் என்பதே காரணம். நம் ஊரைப் பார்த்தே எழுதியது போல இல்லையா?

சிவிடி வகையைப் பற்றித்தான் நம்மிடையே வீண் அச்சம் மிகுதி. 2011இல் சிவிடிக்கு மாறிய புரோட்டோன் சாகா, 2019இல் ஹூண்டாயின் 4 வேகப் பெட்டிக்குத் திரும்பியது உண்மைதான். ஆனால் பெரோடுவா 2021இல் மைவியை 4 வேகத்திலிருந்து சிவிடிக்கு மாற்றியது. அந்த டி-சிவிடியில், வேகம் கூடும்போது பட்டையின் சுமையைப் பற்சக்கரங்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே சிவிடி என்ற பெயரை மட்டும் கேட்டு ஒதுக்குவது முறையன்று.

இவ்வகையில் கவனிக்க வேண்டியது எண்ணெய். இரு கப்பிகளுக்கிடையே எஃகுப் பட்டையை இறுகப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தமே. அது கெட்டால் பட்டை வழுக்கும், கப்பி கீறும். சிவிடிக்கென்றே உரிய எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு எண்ணெயை ஊற்றினால் பெட்டியே பாழாகும். “ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை” என்று விற்பனையாளர் சொல்வதை நான் நம்புவதில்லை. யாருடைய ஆயுள் என்று அவர் சொல்வதில்லையே!

பழைய வண்டியைச் சோதிப்பவர்கள், இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலையில் செல்லுங்கள். கியரை முன்னோக்கும் பின்னோக்கும் மாற்றும்போது தாமதமோ அதிர்வோ உள்ளதா என்று பாருங்கள். பிறகு துன் சார்டோன் சாலையில் பாலிக் பூலாவ் வரை மலையேறிப் பாருங்கள். சமதரையில் மறைந்திருக்கும் வழுக்கல் அங்கே வெளிப்படும். எண்ணெய் மாற்றிய விவரம் பராமரிப்புக் குறிப்பேட்டில் இல்லையெனில், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டியை நான் வாங்கமாட்டேன்.