காவல் நாயின் உணவும் அமானிதமே

தோட்டத்தையும் ஆடு மாடுகளையும் காக்க நாய் வளர்ப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது. மிஞ்சிய சோற்றையும் எலும்பையும் போட்டுவிட்டால் நம் கடமை முடிந்ததென எண்ணுகிறோம். சிறுநீர்ப்பையில் கல் சேரும் நாய்க்கு அது போதாது.

கற்களில் பல வகை உண்டு. ஸ்ட்ரூவைட் கல் பெரும்பாலும் கிருமித் தொற்றால் உண்டாகிறது; மருந்தாலும் தக்க உணவாலும் கரையக்கூடும். கால்சியம் ஆக்ஸலேட் கல் உணவால் கரையாது. யூரேட் கல் உள்ள நாய்க்கு ஈரல் ஆகாது. அன்போடு நாம் போடும் ஈரலே அதற்குத் தீங்காகிவிடும். ஆகவே, கால்நடை மருத்துவரிடம் வகையை அறிந்த பிறகே உணவை மாற்ற வேண்டும். எல்லா வகைக்கும் பொதுவானது தண்ணீர். சிறுநீர் நீர்த்திருந்தால் கல் சேர்வது குறையும். உணவிலும் நீர் கலக்கலாம்; சிறுநீர் கழிக்க அடிக்கடி அவிழ்த்துவிடவும் வேண்டும். முக்கியும் சிறுநீர் வராவிட்டால் தாமதம் உயிருக்கே ஆபத்து.

தாகித்த நாய்க்குத் தம் காலுறையில் நீர் முகந்து புகட்டியவரை அல்லாஹ் மன்னித்ததாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். நம் தோட்டத்தைக் காக்கும் நாயின் தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடக்கிறதா என்று இன்றே பார்ப்போம்.