காளானுக்கு எதற்குக் கைவிலங்கு?

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, கோவையிலிருந்து ஓர் இன்ஜினீயரிங் மாணவர். 'நாலு பேர் கொடைக்கானல் போனோம் சார். காளான் சாப்பிட்டோம். மரமெல்லாம் மூச்சுவிட்டதைக் கண்ணால் பார்த்தேன். இயற்கையா முளைக்கிறதைப் போய் ஏன் தடை பண்ணியிருக்காங்க?' மற்றது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியது. 'போதைக் காளான் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரி கூட வரக்கூடாது. திட்டி எழுதினாலும் அது விளம்பரமே.'

இருவருக்கும் சேர்த்து ஒரே பதில். தம்பி, நீங்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். ஐயா, நீங்கள் சொல்வதைத்தான் உலகம் முப்பது வருஷம் செய்து பார்த்தது. அதனால் யாருக்கு நஷ்டம் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரப் பக்கம்.

அந்தக் காளானுக்குள் இருக்கும் சரக்கின் பெயர் சைலோசைபின். கெமிஸ்ட்ரி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், இரண்டே பாராதான். பார்வைக்கு வெள்ளைப் படிகம். தண்ணீரில் கரையும். மூலக்கூறின் ஓர் ஓரத்தில் தொப்பி மாதிரி ஒரு பாஸ்பேட். தொப்பியோடு இருக்கும் வரை அது மூளைக்குள் நுழைந்து ஒன்றும் செய்யாது. வயிற்றுக்குள் போனதும் நம் உடம்பின் என்ஸைம்களே தொப்பியைக் கழற்றிவிடுகின்றன. மிச்சம் இருப்பது சைலோசின். வேலையைக் காட்டுவது இதுதான். காற்றுப் பட்டால் சைலோசின் தாங்காது. இந்தக் காளானை நசுக்கினால் அடிபட்ட இடம் போல நீலமாகக் கன்றிப்போவது அதனால்தான். அந்த நீலம் எப்படி உண்டாகிறது என்பதை ஜெர்மனியின் யேனா நகரத்து விஞ்ஞானிகள் விளக்கியது 2019-ல்.

இந்த சைலோசின், நம் மூளையில் சதா ஓடிக்கொண்டிருக்கும் செரோட்டோனினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அண்ணனுக்கு ஆக்ஸிஜன் ஐந்தாவது இடத்தில், தம்பிக்கு நாலாவது இடத்தில். வால் பக்கத்தில் தம்பிக்கு இரண்டு மீதைல் கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் செரோட்டோனினுக்கென்று இருக்கும் பூட்டுகளில் 2ஏ என்கிற பூட்டைத் தம்பியும் திறந்துவிடுகிறான். அந்தப் பூட்டை வேறொரு மருந்தால் முன்கூட்டியே அடைத்துவிட்டால் நிறமும் இல்லை, மாயமும் இல்லை. இதை 1998-ல் ஸூரிக்கில் செய்து பார்த்துவிட்டார்கள். ஆக, மரம் மூச்சுவிட்டது கொடைக்கானலில் அல்ல தம்பி, உங்கள் 2ஏ-யில்.

இந்தப் படிகத்தை முதலில் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஹாஃப்மன். எல்.எஸ்.டி.யைக் கண்டுபிடித்த அதே சுவிட்சர்லாந்துக்காரர். கதை அவரிடம் தொடங்கவில்லை. மெக்ஸிகோவின் ஓஹாகா மலைப்பகுதியில், ஹுவாட்லா என்ற ஊரில் மரியா சபினா என்ற மஸாடெக் இனத்துக் கிழவி இருந்தார். நோயாளிக்கு என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ள, ராத்திரி முழுக்க விழித்திருந்து காளானைத் தின்று பாடுவார். 1955-ல் கார்டன் வாஸன் என்ற அமெரிக்க பேங்க் அதிகாரி அங்கே போய் அவரோடு உட்கார்ந்து தின்றார். 1957-ல் 'லைஃப்' பத்திரிகையில் படம் போட்டு எழுதினார். கிழவியின் பெயரை மாற்றித்தான் எழுதினார், ஆனால் ஊரைக் கண்டுபிடிக்கவா ஆளில்லை? அடுத்த சில வருஷங்களில் முடி வளர்த்த கூட்டம் ஹுவாட்லாவுக்குப் படையெடுத்தது. போலீஸ் வந்தது. ஊர்க்காரர்கள் பழியை மரியா சபினா மேல் போட்டார்கள். அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். மருந்தாக இருந்த ஒன்றை வேடிக்கைப் பொருளாக மாற்றியது வெளியூர்க்காரன், வீடு எரிந்தது உள்ளூர்க் கிழவிக்கு. கொடைக்கானல் கூட்டமும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பாரிஸில் வளர்த்த காளான்கள் ஹாஃப்மன் வேலை பார்த்த சாண்டோஸ் கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. மிருகங்களிடம் கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. மனுஷர் தானே 32 உலர்ந்த காளான்களைத் தின்றார்! பிறகு பிரித்தெடுத்து 1958-ல் அறிவித்தார். 1962-ல், ஆய்வுக்கூடத்தில் செய்த மாத்திரைகளோடு ஹுவாட்லாவுக்கே போய் மரியா சபினாவிடம் கொடுத்தார். போட்டுப் பார்த்துவிட்டு, காளானில் இருக்கும் சக்தி இதிலும் இருக்கிறது, இனி காளான் கிடைக்காத காலத்திலும் வைத்தியம் பார்க்கலாம் என்று அந்த அம்மாள் சந்தோஷப்பட்டதாக ஹாஃப்மன் எழுதியிருக்கிறார். ஒரு வேதியியலாளனுக்கு இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் வேறு யார் கொடுக்க முடியும்?

சாண்டோஸ் இதை 'இண்டோசைபின்' என்று பெயரிட்டு மனநல டாக்டர்களுக்கு அனுப்பியது. ஆராய்ச்சி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் ஹார்வர்டில் டிமோத்தி லியரி என்ற பேராசிரியர் ஆய்வு எது, கொண்டாட்டம் எது என்கிற கோட்டை அழித்துவிட்டார். 1963-ல் வேலை போனது. அவர் அடங்கவில்லை, தெருத்தெருவாகப் பிரசாரம் செய்தார். அமெரிக்க அரசாங்கம் மிரண்டது. 1970-ல் நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டம், 1971-ல் வியன்னாவில் ஐ.நா. ஒப்பந்தம். இரண்டிலும் சைலோசைபின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பூட்டுக்குள். அமெரிக்கச் சட்டம் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, 'ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவப் பயன் எதுவும் இல்லை.'

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். பயன் உண்டா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்த ஆய்வை நிறுத்தியாயிற்று. ஆய்வு இல்லாததால் பயன் நிரூபணம் ஆகவில்லை. நிரூபணம் ஆகாததால் ஆய்வுக்கு அனுமதி இல்லை. பரீட்சை எழுத விடாமல் வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு 'பையன் ஃபெயில்' என்று போர்டில் எழுதினால் நம் தலைமையாசிரியர் சும்மா இருப்பாரா?

நம் ஊரிலும் 1985-ல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது. (2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளான் என்பது இயற்கையான பூஞ்சை, அதைப் போதைக் 'கலவை' என்று முழு எடைக்குக் கணக்குப் போடக்கூடாது என்றது. தம்பி, சந்தோஷப்பட வேண்டாம். அது எடைக் கணக்குதான், உள்ளே இருக்கும் சைலோசைபினுக்குத் தடை அப்படியே இருக்கிறது.) போதைதான் அரசாங்கத்தின் கவலை என்றால், 2003-லிருந்து டாஸ்மாக் கடையில் யார் உட்கார்ந்து பில் போடுகிறார்கள்? ஈரலைத் தின்னும், கை நடுங்க வைக்கும், குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் என்று எல்லாமே தெரிந்த ஒரு மூலக்கூறுக்கு வரியோடு விற்பனை. உடம்பை ஹெராயின் மாதிரி அடிமைப்படுத்தாத ஒரு மூலக்கூறுக்கு சோதனைச்சாலையில் கூட சந்தேகப் பார்வை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். 1996-ல் என் சித்தப்பா நுரையீரல் புற்றுநோயில் படுத்தார். கடைசி இரண்டு மாதம். வலிக்கு மார்ஃபின் கேட்டோம். 'அய்யய்யோ, அதுக்கு லைசென்ஸ் இல்லைங்க. நாலு ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும். ஒரு மாத்திரை கணக்குல குறைஞ்சா நான் ஜெயிலுக்குப் போகணும்' என்றார் டாக்டர். ஊர், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். அவர் மேல் தப்பில்லை, சட்டம் அப்படி. அபினியைச் சட்டப்படியே பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் தேசம் நம்முடையது. அந்த தேசம் முழுவதும் 1997-ல் நோயாளிகளுக்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. போதைக்காரனைப் பிடிக்கப் போட்ட வலையில் சிக்கியது புற்றுநோயாளிகள். டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் முட்டி மோதி 2014-ல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. சித்தப்பா அதற்குள் போய்ப் பதினெட்டு வருஷம்.

வலியையாவது எப்படியோ தாங்கினார். ராத்திரி வந்தால் பயம். 'லைட்டை அணைக்காதேடா. கண்ணை மூடினா போயிடுவேன்' என்பார். ஐம்பத்தெட்டு வயசு, நாலு லாரி வைத்து ஓட்டிய மனிதர். அந்த பயத்துக்கு எங்களிடம் ஒரு தூக்க மாத்திரையைத் தவிர எதுவும் இல்லை.

அந்த பயத்தைத்தான் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் என்ற பேராசிரியர், அனுமதிக்காகப் பொறுமையாகக் காத்திருந்து, 2006-ல் ஆரோக்கியமானவர்களிடம் செய்த முதல் ஆய்வை வெளியிட்டார். பிறகு புற்றுநோயாளிகள். 2016-ல் ஹாப்கின்ஸ் 51 பேரிடமும் நியூயார்க் பல்கலைக்கழகம் 29 பேரிடமும் நடத்திய ஆய்வுகள் ஒரே சமயத்தில் வெளிவந்தன. கொடைக்கானல் மாதிரி இல்லை. முதலில் பல மணி நேரம் பேசித் தயார் செய்கிறார்கள். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்களைச் சேர்ப்பதில்லை. அளந்து செய்த மாத்திரை, சோபா, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, மெல்லிய இசை, பக்கத்திலேயே பயிற்சி பெற்ற இரண்டு பேர். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆறு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அப்புறம் மறுபடி பேச்சு. ஹாப்கின்ஸில் ஆறு மாதம் கழித்தும் கிட்டத்தட்ட 80 சதவிகிதம் பேருக்கு மனச்சோர்வும் பதற்றமும் கணிசமாகக் குறைந்தே இருந்தன. ஒரு பெரிய டோஸ், ஆறு மாதம்!

கிரிஃபித்ஸுக்கே பிற்பாடு குடல் புற்றுநோய் வந்தது. தன் சாவைப் பற்றிப் பேட்டிகளில் ஆச்சரியப்படும் அளவுக்கு நிதானமாகப் பேசினார். 2023 அக்டோபரில் இறந்தார்.

சரி, உடனே 'காளான் வாழ்க' என்று கொடி பிடிக்கலாமா? கூடாது. இந்த ஆய்வுகளில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. மருந்தா, வெறும் மாத்திரையா என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது என்பது விதி. சுவர் அலை அடிக்கும்போது தெரியாமல் இருக்குமா? எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்திருக்கலாம். 2021-ல் லண்டனில் 59 பேரிடம் சைலோசைபினை எஸ்சிடலோப்ராம் என்ற சாதாரண மனச்சோர்வு மாத்திரையோடு மோதவிட்டார்கள். முக்கிய அளவுகோலில் பெரிய வித்தியாசம் இல்லை. 2022-ல் 233 பேரிடம் நடந்த ஆய்வில் 25 மில்லிகிராம் கொடுத்தவர்களுக்கு மூன்று வாரத்தில் நல்ல பலன், ஆனால் பன்னிரண்டாவது வாரத்தில் பலருக்கு அது நிலைக்கவில்லை. 2025-ல் வந்த மூன்றாம் கட்ட முடிவில், 60 மார்க் மனச்சோர்வு அளவுகோலில் வெறும் மாத்திரையைவிட 3.6 மார்க் வித்தியாசம். இருக்கிறது, அதிசயம் இல்லை. இதில் காசு பார்க்க வந்துவிட்ட கம்பெனிகள் அதிசயம் என்றுதான் விற்கும். சைலோசைபினின் ஒரு படிக வடிவத்துக்கு ஒரு கம்பெனி 2019-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறது. மரியா சபினா பாடிக்கொண்டிருந்த சரக்குக்கு!

நான் கேட்பதெல்லாம் பரீட்சை எழுத விடுங்கள் என்பதுதான். 1985 சட்டத்திலேயே 'மருத்துவம், அறிவியல் தேவைகளுக்குத் தவிர' என்று ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னலைத் திறக்க எந்த மேஜைக்குப் போகவேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்று ஒரே தாளில் எழுதி ஒட்டட்டும். நம் மருத்துவக் கல்லூரிகளில் கடைசிக்கால நோயாளிகள் இல்லையா, மனநல டாக்டர்கள் இல்லையா? ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து, அனுமதி பெற்ற மனநல டாக்டர்கள் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு இதை எழுதிக் கொடுக்கலாம். நாம் அவ்வளவு தூரம் ஓட வேண்டாம். முதலில் சோதித்துப் பார்ப்போம். உதவாது என்று தெரிந்தால் அதையும் நம் ஊர் டாக்டரே சொல்லட்டும்.

கடைசியாக, கோவைத் தம்பிக்கு. காட்டில் பறித்துக் கொடுத்தவர் தாவரவியல் படித்தவரா? பழுப்பு நிறத்தில் சின்னதாக, கிட்டத்தட்ட இதே சாயலில் இருக்கும் கலரைனா என்ற காளானில் அமடாக்ஸின் என்ற விஷம் உண்டு. தின்று பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, பேதி. பிறகு சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அதற்குப் பிறகுதான் ஈரல் போகும். உங்கள் மாமா, அத்தை யாருக்காவது மனநோய் இருந்ததா என்று பறித்தவர் கேட்டாரா? மலை விளிம்பில் உட்கார்ந்து சாப்பிடாதே என்றாவது சொன்னாரா? அடுத்த தடவை கொடைக்கானல் போனால் சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தலைமையாசிரியர் ஐயா, இந்தப் பாராவை மட்டுமாவது வெட்டி உங்கள் பழைய பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள்.