வெண்ணெய் நாட்டின் அனுபவமும் நம் கடை எண்ணெயும்

மாரடைப்பு என்பது செல்வர்க்கு வரும் நோய் என்றும், தறிக்குழியில் மிதி மிதித்தும் வயலில் மண்வெட்டி பிடித்தும் உடல் வருந்துவோரை அது அணுகாதென்றும் நம் அங்கத்தினரிற் பலர் இன்றும் நம்பி வருகின்றனர். இந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஆடவர் இருதய நோயால் மிகுதியாக மாளும் நாடு என்று 1960-களில் உலகறியப் பெயர் பெற்றது பின்லாந்து. அந்நாட்டினுள்ளும் முதலிடம் வகித்தது கிழக்கெல்லையிலுள்ள வட கரேலியா என்னும் மாகாணம். அங்கு மாண்டவர் சாய்வு நாற்காலிச் சீமான்கள் அல்லர். காட்டில் மரம் வெட்டுவோரும், சிறு நிலத்தில் பசு வளர்த்துப் பால் விற்போருமே ஆவர். உழைப்பு இருதயத்துக்கு நன்மை செய்வது மெய்யே. ஆயினும் உண்பதும் புகைப்பதும் செய்யும் தீங்கை அது முற்றும் ஈடு செய்யவில்லை.

அம்மக்கள் ரொட்டியின்மேல் வெண்ணெயைத் தடித்துப் பூசி உண்டனர். கொழுத்த பன்றி இறைச்சி, ஆடை நீக்காத பால், மிகுந்த உப்பு ஆகியவை அன்றாட உணவு. காய்கறியோ மாட்டுக்குரிய தீனி என்பது அவர்கள் எண்ணம். ஆடவரிற் பாதிப் பேர் புகைத்தனர். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தால், இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்களின் உட்சுவரில் அது பல்லாண்டுகளாகப் படிகிறது. ஒரு நாள் அப்படிவு வெடிக்க, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு. உயர்ந்த இரத்த அழுத்தமும் புகையிலையும் நாளச் சுவரைப் புண்படுத்தி இக்கேட்டை விரைவுபடுத்துகின்றன.

1971-ஆம் ஆண்டில் அம்மாகாண மக்களின் பிரதிநிதிகள் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் ஒன்று எழுதினர். மறு ஆண்டில் அங்கே வேலை தொடங்கிற்று. அதனைத் தலைமையேற்று நடத்தியவர் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவர். பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதை அவர் முதற் காரியமாகக் கொள்ளவில்லை. ஊர்ப் பெண்களின் மார்த்தா சங்கத்தாரை அழைத்து, பழைய இறைச்சிக் குழம்பிலேயே இறைச்சியைக் குறைத்துக் கிழங்கும் காய்கறியும் சேர்த்துச் சமைத்துக் காட்டச் செய்தார். கிராமத்துக்குக் கிராமம் போட்டி வைத்து, எவ்வூரார் இரத்தக் கொழுப்பை மிகுதியாகக் குறைக்கின்றனர் என்று பார்த்தனர். இரத்த அழுத்தத்தை அளந்து, கூடியிருந்தோர்க்குத் தவறாமல் மருந்து கொடுத்தனர்.

இவ்வளவும் எளிதில் நடந்தேறவில்லை. பால் வியாபாரத்தார் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. வெண்ணெய் உண்ணாதே என்று ஊராரிடம் சொல்வது, பசுவை நம்பிய குடியானவனிடம் உன் பிழைப்பை விடு என்று சொல்வதற்கு ஒப்பாகும். இவ்விடத்தில்தான் அவர்கள் செய்தது நம் போன்ற சங்கத்தாரின் கவனத்துக்கு உரியது. குளிர் நாடாயினும் அங்கே பெர்ரிப் பழங்கள் நன்கு விளையும். பால் விற்ற குடியானவர் பழம் பயிரிடவும், அதனை விற்கவும் 1980-களில் உதவி செய்யப்பட்டது. அந்நாட்டுக் குளிரைத் தாங்கி வளரும் கடுகினப் பயிரின் எண்ணெய் அடுப்படியில் வெண்ணெய்க்குப் பதிலாக ஏறிற்று. உண்பவன் நலமும் விளைவிப்பவன் வருவாயும் ஒரே திட்டத்துள் வைத்து எண்ணப்பட்டன.

பலன் யாது? சுமார் நாற்பது ஆண்டுகளில், வேலை செய்யும் வயதினரான ஆடவரிடையே இருதய நோய்ச் சாவு நூற்றுக்கு 80-க்கும் மேல் குறைந்தது. மற்ற மாகாணங்களிலும் அது குறைந்ததே, இதில் வட கரேலியாவின் தனிச் சிறப்பு என்ன என்று வினவுவோர் உண்டு. முதல் ஐந்தாண்டுக்குப் பின் இதே முறை நாடெங்கும் பரப்பப்பட்டது என்பதை அவர்கள் மறத்தலாகாது. ஒரு மாகாணத்துக்கும் அடுத்த மாகாணத்துக்கும் உள்ள வேற்றுமையை அளந்துகொண்டிருப்பது புள்ளிக் கணக்கர் வேலை. அதனை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நம் மாநிலத்து நியாய விலைக் கடைகளிற் பெரும்பாலானவற்றை நடத்துவன கூட்டுறவுச் சங்கங்களே. அக்கடைகளில் மானிய விலைக்குப் பல்லாண்டுகளாக விற்கப்படும் எண்ணெய் பாமாயில். மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலேறி வருவது அது. நாளங்களில் படியும் கொழுப்பை மிகுவிக்கும் நிறை கொழுப்பு அதில் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாது. நிலக்கடலை எண்ணெயிலோ அது நூற்றுக்கு 20 அளவிலேயே நிற்கிறது. நல்லெண்ணெயில் அதனினும் குறைவு. கடலையும் எள்ளும் நம் அங்கத்தினர் மானாவாரி நிலத்தில் விளைவித்து, விலை படியாமல் வருந்தும் சரக்குகள். விளைவித்தவனே தன் கடலையை வியாபாரிக்கு விற்றுவிட்டு, சங்கக் கடையில் வரிசையில் நின்று அயல்நாட்டு எண்ணெயை வாங்கிச் செல்கிறான். இதனை நாம் விந்தை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கடலை எண்ணெயின் விலை அதிகம் என்று மறுப்பார்கள். உண்மைதான். பாமாயிலுக்கு அளிக்கும் மானியத்தில் ஒரு பகுதியை, சங்கங்கள் நேரே கொள்முதல் செய்து ஆட்டும் கடலை எண்ணெய்க்கு அளிக்கலாகாதா என்பதே நம் கேள்வி. முதலில் மாதம் அரை லிட்டரேனும் அளித்துப் பார்க்கட்டும். தென்னை விவசாயிகள் தேங்காய் எண்ணெய்க்கும் இவ்விடம் கேட்கின்றனர். அவர்கள் வருத்தம் நமக்குப் புரிகிறது. ஆயினும் அவ்வெண்ணெயில் நிறை கொழுப்பு நூற்றுக்கு 80-க்கும் மேலாதலால், அன்றாடத் தாளிப்புக்கு அதனைப் பரிந்துரைக்க நம் மனம் இடங்கொடுக்கவில்லை. இளநீர், கயிறு, சோப்பு என்று தென்னைக்கு வேறு வழிகள் உள. அவ்வழிகளில் சங்கங்கள் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். எந்த எண்ணெயாயினும் அளவாகவே ஊற்ற வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

நெசவாளர்க்கு உரிய செய்தி வேறு. இரத்த அழுத்தம் வலியின்றி ஏறும் நோய். ஒருவன் அதனை உடலில் சுமந்துகொண்டே பத்தாண்டு பாவு ஓட்டலாம். பிறகு ஒரு நாள் தறி நின்றுவிடும், வாங்கிய கடன் நிற்காது. நாளொன்றுக்கு ஒருவர்க்கு 5 கிராமுக்கு உட்பட்ட உப்பே போதுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் அக்கணக்கில் அடங்கும். தறியில் அமர்ந்தபடியே வாயில் அடக்கும் புகையிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தூக்கம் வராதிருக்க என்று தொடங்குவது அது. புகையின்றி மெல்வதாலும் இருதயம் தப்புவதில்லை.

அரசாங்கம் 2021-ஆம் ஆண்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறது. நோய் உண்டென்று அறிந்தவனுக்கே மாத்திரை பயன்படும். நெய்த துணியை ஒப்படைத்துக் கூலி பெற அங்கத்தினர் சங்கத்துக்கு வந்தே தீர வேண்டும். அங்கே கூலிப் பட்டியல் எழுதும் மேசைக்கு அருகில் இரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஒன்றை வைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். முப்பது வயது கடந்த ஒவ்வொருவர்க்கும், உடன் தார் சுற்றும் மனைவிமார்க்கும், ஆண்டுக்கு இருமுறை அளந்து குறித்து வைக்கலாம். எண்ணெய் பற்றிய கோரிக்கையையும் கருவி பற்றிய தீர்மானத்தையும் வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு நிர்வாகக் குழுக்களை வேண்டுகிறோம். அன்று வழக்கம்போல் மிக்சர்ப் பொட்டலம் வழங்காமல், அவித்த கடலை வழங்கினால் நன்று.