பூதவாதியும் பாக்கெட் சாராயமும்

சங்கராபுரத்தில் பொதுக்கூட்டம் முடிந்தது. ஒலிபெருக்கி ஓய்ந்தது. தேநீர்க் கடையோரம் நின்றிருந்த என்னை நெருங்கி வந்தார் ஓர் இளைஞர். கல்லூரியிலே இயற்பியல் பயில்பவராம்.

"அண்ணே! நிலவிலே கலம் இறக்கிவிட்ட காலம் இது. எது உண்மை என்பதை விஞ்ஞானம் சொல்லிவிடுகிறது. இன்னமும் மேடையிலே தத்துவம் பேசுகிறீர்களே, தேவைதானா?" என்று கேட்டார்.

கேட்டவர் இளைஞர், கேள்வியோ இளையதன்று! மேதை ஸ்டீபன் ஹாக்கிங், லியனார்டு மிளாடினோவுடன் சேர்ந்து 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே, தத்துவம் மாண்டுவிட்டது, விஞ்ஞானத்தின் வேகத்திற்கு அதனால் ஈடுகொடுக்க இயலவில்லை என்று தீர்ப்பளித்தார். அண்டத்தை அளந்தவரின் தீர்ப்பு! கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான், மறுத்துரைக்கலாமா? மறுக்கத்தான் வேண்டும், தம்பி! காரணத்தைக் கேள்.

சங்கராபுரத்திற்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கே சாராய ஊறல் அழிக்கப்பட்டது என்ற செய்தியை ஏடுகளிலே எத்தனை முறை படித்திருப்பாய்! வெல்லமும் மரப்பட்டையும் ஊறுகின்றன. எதனிலும் தனித்து இல்லாத போதை, கூட்டிலே பிறக்கிறது. இதே உவமையை மணிமேகலைக் காப்பியத்திலே பூதவாதி கையாள்கிறான். தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் சேர்ந்தால் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்பது அவன் வாதம். கண்ணால் கண்டதே உண்மை, கருதி அறிவதை ஏற்கேன் என்றும் கூறுகிறான். பழந்தமிழ் நாட்டிலே இத்தனைத் துணிவோடு ஒருவன் பேசினான், அதைப் பதிவு செய்ய ஒரு புலவனும் இருந்தான் என்பது நமக்குப் பெருமை!

மணிமேகலை என்ன செய்தாள்? சினந்தாளா? சபித்தாளா? இல்லை, நகைத்தாள். உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய், கருதித்தானே என்று கேட்டாள்!

"மரபணுச் சோதனை இருக்கிறதே, அண்ணே" என்றார் இளைஞர். இருக்கட்டும். கருவி காட்டுவது சில குறிகளை. "ஆகவே இவர் தந்தை" என்பது கருவி கண்டதன்று, மனிதன் கருதியது. கண்டதிலிருந்து காணாததற்குச் செல்ல ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் பாரம் தாங்குமா என்று தட்டிப் பார்க்கும் வேலைக்குத்தான் தத்துவம் என்று பெயர். விஞ்ஞானி ஒவ்வொரு நாளும் அதன்மீதுதான் நடக்கிறார்!

இது ஏட்டுச் சண்டை என்று எண்ணிவிடாதே. 2024 ஜூன் திங்களிலே, கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது வெல்ல ஊறலன்று. தொழிற்சாலைக்குரிய மெத்தனால் கலந்த நஞ்சு. அது உடலுக்குள்ளே ஃபார்மால்டிஹைடாகிறது, பின்னர் ஃபார்மிக் அமிலமாகிறது, கண் நரம்பைக் கெடுக்கிறது, உயிரைக் குடிக்கிறது. இத்தனையும் சொன்னது விஞ்ஞானம். ஃபோமெபிசோல் என்னும் மாற்று மருந்தைத் தந்ததும் விஞ்ஞானம். வணங்கி ஏற்கிறோம்!

ஆனால், மாண்டவர் குடும்பங்களுக்குத் தலைக்கு 10 இலட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்ததும், கடைத்தெருவெங்கும் ஒரு கேள்வி கிளம்பிற்றே, நினைவிருக்கிறதா? "குடித்துச் செத்தவனுக்கா பத்து இலட்சம்?" அக்கேள்வி உயர்நீதிமன்றத்தின் படியையும் ஏறிற்று.

அதற்கு எந்தச் சோதனைக் குழாயிலே விடை கிடைக்கும்? மூட்டை சுமந்து முதுகு ஒடிந்தவன், கடைப் புட்டிக்குக் காசு போதாமல் மலிவான பாக்கெட்டை வாங்கினானே, அது அவன் தேர்வா, வறுமையின் தேர்வா? விற்றவன் குற்றவாளி, கண்டும் காணாதிருந்தவன்? 2003 முதல் சில்லறை மதுக்கடையைத் தானே நடத்திவரும் அரசு, எந்தக் கட்சியின் கையில் இருந்தாலும், குடியாதே என்று உபதேசிக்கும் தகுதியை எங்கிருந்து பெறுகிறது? மெத்தனாலின் அளவைச் சொல்லும் ஆய்வுக்கூடம், பொறுப்பின் அளவைச் சொல்லாது!

இங்கேதான் ஆபத்து இருக்கிறது, தம்பி. தத்துவம் வேண்டாம் என்பவன் தத்துவமின்றி வாழ்வதில்லை. சோதிக்காத தத்துவத்தோடு வாழ்கிறான். "அவன் தலைவிதி" என்றாரே ஒருவர், அதுவும் தத்துவந்தான், நைந்த தத்துவம்! "குடிகாரன் செத்தால் என்ன?" என்றாரே மற்றொருவர், அதுவும் தத்துவந்தான், நஞ்சேறிய தத்துவம்! தத்துவத்தின் பெயராலே ஏழையை ஏய்த்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அதனாலேயே அதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்கிறோம். கெட்ட மருந்து விற்பவன் இருக்கிறான் என்பதற்காக மருத்துவத்தையே விலக்குவார் உண்டோ?

என் விடையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணம் குடித்தவனுக்குப் பரிசன்று. குடிக்காத குழந்தைக்கு நாடு செலுத்தும் கடன். தந்தையின் தவற்றைப் பிள்ளையின் தட்டிலே பரிமாறுவது நீதியாகாது. ஆனால், பணத்தைக் கொடுத்தவுடன் கணக்கு முடிந்தது என்று அரசு ஏட்டை மூடுவதும் நீதியாகாது. நஞ்சு வந்த வழியையும், அந்த வழியை அடைக்காத கைகளையும் கேட்கும் உரிமை அந்தக் குழந்தைக்கு உண்டு.

இது தவறென்று தோன்றினால் வாதாடு! காரணம் காட்டு! ஆய்வுக்கூடத்திலே ஓர் எண்ணைக்கூடச் சோதிக்காமல் ஏற்காத நீ, ஒரு மனிதனைப் பற்றிய தீர்ப்பை மட்டும் சோதிக்காமல் ஏற்கலாமா?

இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மணிமேகலை நூலகத்தில் கிடைக்குமா, அண்ணே?" என்று கேட்டார்.

கிடைக்கும், தம்பி. இயற்பியல் புத்தகத்தைக் கீழே வைத்துவிடாதே; அதன் பக்கத்திலேயே இதையும் வைத்துக்கொள்!