மனப்பாடம் வேண்டாம், கணினியையே கேளுங்கள்



பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிக்கிறாள். அவளோடு சேர்ந்து நானும் படிக்கிறேன். அப்போது மனதில் பட்ட ஒன்றை எழுதுகிறேன்.

கணினி தன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் எத்தனை பைட்? "4096" என்று பலரும் ஒப்பிப்பார்கள். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அது சரிதான். ஆனால் 2020-இல் எம்1 சிப்போடு வந்த ஆப்பிள் மேக்கில் அது 16384. 4096 என்று முடிவுகட்டி எழுதிய சில மென்பொருள்கள், 16384 பைட் பக்கம் உள்ள லினக்ஸ் கணினிகளில் ஓட மறுத்தன. கணினி மாறிவிட்டது, மனப்பாடம் மாறவில்லை!

பைத்தானில் ஓ.எஸ். மாட்யூலில் 'சிஸ்கான்ஃப்' என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. பக்க அளவு என்ன, எத்தனை கோப்புகளை ஒரே நேரத்தில் திறக்கலாம் என்று கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கணினியின் பதிலையே தரும். அந்த மதிப்பு வரையறுக்கப்படவில்லை என்றால் -1 என்று சொல்லும். பெயரே தெரியாவிட்டால் பிழை காட்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்தது.

இது லினக்ஸ், மேக் கணினிகளில் உண்டு, விண்டோஸில் இல்லை. அங்கே பக்க அளவை 'எம்மேப்' மாட்யூலிலும், செயலிகளின் எண்ணிக்கையை 'சிபியு கவுன்ட்' மூலமும் அறியலாம்.

"ஒவ்வொரு முறையும் கேட்டால் நேரமாகாதா?" என்பீர்கள். நிரல் தொடங்கும்போது ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். 'சிபியு கவுன்ட்' மொத்தக் கணினியில் உள்ள எண்ணிக்கையைச் சொல்லும். நம் நிரலுக்கு அதில் எத்தனை ஒதுக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. வீட்டில் பத்துத் தட்டு இருந்தாலும் நம் இலைக்கு வந்ததைத்தானே நாம் சாப்பிட முடியும்?

என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த எண்களை ஒரு மதிப்பெண் வினாவாக்காதீர்கள். ஆய்வகத்தில் வெவ்வேறு கணினிகளில் கேட்கச் சொல்லி, விடைகளை ஒப்பிட வையுங்கள். "எனக்கு வேறு வருகிறதே டீச்சர்" என்று ஒரு குழந்தை சொன்னால், அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

கணினித் துறையில் உள்ள பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்