கப்பல் ஏறும் முன்பே கூப்பிட வேண்டியவர்

திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட் வெளிநாட்டிலிருந்து மெஷின் இறக்க முடிவெடுத்தால், முதல் போன் மெஷின் கம்பெனியின் ஏஜென்டுக்குப் போகும். அடுத்தது பேங்க் மேனேஜருக்கு. அப்புறம் ஆடிட்டருக்கு. மெஷின் நிற்கப்போகும் இடத்தில் தரை போட மேஸ்திரியிடம்கூட அட்வான்ஸ் கொடுத்தாகிவிடும். கிளியரிங் ஏஜென்டின் ஞாபகம் வருவது கடைசியில், கப்பல் கொழும்பைத் தாண்டித் தூத்துக்குடியை நெருங்கும் நேரத்தில்.

இந்த வரிசை மாற வேண்டும். ஜெர்மனியின் ஆல்ப்ஸ்டாட், இத்தாலியின் பிரெஸ்சியா, ஜப்பானின் வாகாயாமா எனப் பின்னல் மெஷினுக்குப் பேர்போன ஊர்களிலிருந்து லட்சக்கணக்கில், சமயத்தில் கோடிக்கணக்கில் கொடுத்து மெஷின் வாங்குகிறார்கள். அது வீடு வந்து சேரும் விலையில் பெரும்பகுதி ஆர்டரில் கையெழுத்துப் போடும்போதே முடிவாகிவிடுகிறது. துறைமுகத்தில் நடப்பது அந்தக் கையெழுத்தின் விளைவு. ஆகவே கையெழுத்துப் போடுகிற நாளில் சுங்கம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் கஸ்டம்ஸ் புரோக்கர். 2013-க்கு முன்பு கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட். சென்னை ராஜாஜி சாலையில் உள்ள சுங்க இல்லத்தைச் சுற்றிய தெருக்களில் இன்றைக்கும் ‘சிஎச்ஏ’ என்றால்தான் சட்டென்று புரியும். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 146-ஆவது பிரிவில், உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலை யாரும் நடத்தக் கூடாது என்கிறது. உரிமத்துக்கு எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் உண்டு. 2018-ஆம் ஆண்டின் விதிமுறைப்படி உரிமத் தேர்வில் தேறியவருக்கு எஃப் கார்டு, அவரிடம் வேலை பார்த்துக்கொண்டே அதற்கான தேர்வில் தேறிய ஊழியருக்கு ஜி கார்டு, தேர்வு எழுதாத உதவியாளருக்கு எச் கார்டு. தன் ஃபைலைப் பார்க்கப்போகிறவர் எந்தக் கார்டுக்காரர் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு முதலாளிக்கும் உரிமை. பெரும்பாலோர் கேட்பதில்லை.

இறக்குமதி செய்பவர் தன் பொருளுக்குத் தானே பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்திடம் தரும் இறக்குமதி அறிக்கை) போடத் தடை ஏதும் இல்லை. மாதம் பத்துக் கன்டெய்னர் இறக்கும் நிறுவனம் அதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு மெஷின் வாங்கும் யூனிட்டுக்கு அது கட்டுபடியாகாது. சுங்க நடைமுறை சிக்கலானது, பல அலுவலகங்களைத் தாண்டித்தான் சரக்கு வெளியே வரும், அதனால்தான் இறக்குமதியாளரும் அரசும் ஒருசேர நம்பும் இடத்தில் இந்த ஏஜென்ட் இருக்கிறார் என்ற கருத்தை 2016-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

நம்பிக்கை சரி, அதை எப்போது பயன்படுத்திக்கொள்வது என்பதுதான் கேள்வி. ஒரு கணக்கைப் பார்ப்போம். சுங்க மதிப்பு 1 கோடி ரூபாய் உள்ள மெஷினுக்கு அடிப்படைச் சுங்கவரி 7.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 7,50,000 ரூபாய். அதன்மேல் 10 சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி 75,000. சுங்க மதிப்போடு இவை இரண்டையும் சேர்த்த தொகையின் மேல் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி 19,48,500. ஆக மொத்தம் 27,73,500 ரூபாய் கட்டினால்தான் மெஷின் வெளியே வரும். ஐஜிஎஸ்டியைப் பின்னால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் கையில் ரொக்கமாக இருந்தாக வேண்டும். மற்ற இரண்டும் போனது போனதுதான்.

இந்த 1 கோடிக்குள் மெஷினைப் பொருத்தித் தர வரும் வெளிநாட்டு என்ஜினியருக்கான 6 லட்சமும் அடங்கியிருக்கலாம். மெஷின் நாட்டுக்குள் வந்தபிறகு நடக்கும் பொருத்தும் வேலைக்கான கட்டணம், இன்வாய்ஸில் தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால் சுங்க மதிப்பில் சேராது. இது 2007-ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகளிலேயே இருக்கிறது. பிரிக்காமல் மொத்தமாக ஒரே தொகை போட்டிருந்தால் அந்த 6 லட்சத்துக்கும் சுங்கவரியும் கூடுதல் வரியுமாக 49,500 ரூபாய் கட்ட வேண்டும். திரும்பி வராத பணம் அது. புரோஃபார்மா இன்வாய்ஸ் பேச்சுவார்த்தையில் இருக்கும்போது இதைச் சொல்ல ஓர் ஆள் இருந்தால், சப்ளையர் ஒரு வரியை இரண்டு வரியாக அடித்துக் கொடுப்பார். பணம் அனுப்பி, சரக்கும் கப்பலேறிய பிறகு இன்வாய்ஸைத் திருத்தினால் அதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஐரோப்பாவில் மூடப்பட்ட ஆலைகளிலிருந்து நல்ல நிலையில் உள்ள மெஷின்களைக் கொண்டுவருவது கொங்கு வட்டாரத்தில் புதிதல்ல. பொதுவாக அதற்குத் தடையும் இல்லை. ஆனால் அதன் வயதையும் விலையையும் சார்ட்டர்டு என்ஜினியர் ஒருவர் சான்று சொல்ல வேண்டும். பரிசோதனை நாளில் நடப்பது எளிமையானது. பெட்டியைப் பிரிக்கிறார்கள், பிரேமில் பதித்த தகட்டைத் துடைத்து, சீரியல் எண்ணையும் தயாரித்த ஆண்டையும் இன்வாய்ஸோடு ஒப்பிடுகிறார்கள். தகட்டுக்கு மேல் பெயின்ட் அடித்திருந்தாலோ, தகடே கழன்று போயிருந்தாலோ வேலை அங்கேயே நிற்கும். அந்தத் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வதற்குச் சரியான நேரம், மெஷின் இன்னும் விற்பவரின் ஷெட்டில் நிற்கும் நேரம்.

பழைய மெஷினில் இன்னொரு இழப்பும் உண்டு. ஏற்றுமதியாளர்களுக்கு இபிசிஜி திட்டம் சுங்கவரி இல்லாமல் மெஷின் இறக்க இடம் கொடுக்கிறது. மிச்சமான வரியைப் போல 6 மடங்குக்கு 6 ஆண்டுகளில் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். இந்தச் சலுகை செகண்ட் ஹேண்ட் மெஷினுக்குக் கிடையாது. விலை குறைவு என்று பழையதை வாங்கி முடித்த பிறகு இது தெரியவரும்போது, புதியதுக்கும் பழையதுக்கும் இருந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு கரைந்திருக்கும்.

ஜப்பான் மெஷின் என்றால் வேறு கணக்கு. அந்த நாட்டோடு செய்த பொருளாதார ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அடங்கும் மெஷினுக்குச் சலுகை வரி கிடைக்கும். 2020 செப்டம்பர் 21-இல் அமலுக்கு வந்த விதிகளுக்குப் பிறகு, மூலநாட்டுச் சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. அந்தப் பொருள் உண்மையில் அந்த நாட்டில்தான் உருவானது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், 5 ஆண்டுகள் பத்திரப்படுத்தவும் வேண்டும். சப்ளையரிடம் இந்த விவரத்தை ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டால் உடனே வரும். பணம் முழுதும் கைக்குப் போன பிறகு கேட்டால் வரும் வேகம் வேறு.

இவ்வளவுக்கும் மேலே, கடந்த சில ஆண்டுகளில் இந்தத் தொழிலையே ஒரு மாற்றம் புரட்டிப்போட்டிருக்கிறது. 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் முகமறியா மதிப்பீடு தொடங்கியது. முதலில் அதற்குள் கொண்டுவரப்பட்டவை சுங்க அட்டவணையின் 84, 85-ஆம் அத்தியாயங்கள், அதாவது இயந்திரங்களும் மின்சாதனங்களும். அதே ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுக்கப் பரவியது. சென்னையில் இறங்கும் மெஷினின் ஃபைலை வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்க்கலாம். அவர் யாரென்று தெரியாது. நேரில் போய் விளக்கவும் வழியில்லை. திரையில் ஏற்றிய காகிதம்தான் பேச வேண்டும்.

அதற்கு முன்பெல்லாம் நல்ல ஏஜென்ட் என்றால், சுங்க இல்லத்தின் மாடிப்படிகளில் எல்லோருக்கும் தெரிந்த முகம். இன்றைக்கு நல்ல ஏஜென்ட் என்றால், மெஷினைப் புரிந்துகொண்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்திராத ஒருவருக்குப் புரியும்படி எழுதத் தெரிந்தவர். இந்த வித்தியாசம் இன்னும் பல முதலாளிகளின் மனதில் ஏறவில்லை. ‘உள்ளே ஆள் தெரியுமா?’ என்ற பழைய கேள்வியோடுதான் ஏஜென்டைத் தேடுகிறார்கள்.

எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரேப்பியர் தறி ஒரு நல்ல உதாரணம். 2025 பிப்ரவரி பட்ஜெட் வரை, நிமிடத்துக்கு 650 மீட்டருக்குக் குறைவாக ஊடைநூல் செலுத்தும் ரேப்பியர் தறிக்கு 7.5 சதவீதச் சுங்கவரி இருந்தது. அந்த பட்ஜெட் அதை நீக்கியது. அதுவரை ஒரு தறியின் வரியைத் தீர்மானித்தது இந்த ஒற்றை எண். கேட்டலாக்கிலோ பெரும்பாலும் வேகம் ஆர்பிஎம்மில் இருக்கும். அதைத் தறியின் அகலத்தோடு பெருக்கினால்தான் மீட்டர் கணக்கு வரும். இன்வாய்ஸில் ‘ரேப்பியர் லூம், 4 எண்ணிக்கை’ என்று மட்டும் இருந்தால் தூரத்து அதிகாரிக்கு எதுவும் தெரியாது. அவர் குவெரி போடுவார். பதில் போய், அவர் பார்த்து, அடுத்த கேள்வி வருவதற்குள் சிஎஃப்எஸ் எனப்படும் கன்டெய்னர் முனையத்தில் தரை வாடகையும், கப்பல் கம்பெனியின் கன்டெய்னர் வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும்.

நேரம் தவறினால் அரசும் காத்திருக்காது. 2021-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும் என்பது பொது விதி. தாமதித்தால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000. கப்பல் கரையை நெருங்கும்போது ஏஜென்டைத் தேடத் தொடங்குகிறவர் இந்த ஓட்டத்தில் முதல் அடியிலேயே பின்தங்கிவிடுகிறார்.

மெஷினைச் சுற்றியுள்ள மரத்துக்கும் விதி இருக்கிறது. மெஷின் உட்கார்ந்து வரும் மரப்பலகைகளின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட வேறு முறையில் பூச்சிநீக்கம் நடந்திருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகப் பலகையில் கோதுமைக் கதிர் முத்திரையும், பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்தும், ‘எச்டி’ போன்ற குறியும் சூட்டுக்கோலாலோ மையாலோ பதிந்திருக்கும். முத்திரை இல்லாத பலகையோடு வந்தால், தாவரப் பாதுகாப்பு அதிகாரியின் முன்னிலையில் மரத்துக்குச் சிகிச்சை முடியும்வரை சரக்கு நகராது. அனுபவப்பட்ட ஏஜென்ட் பேக்கிங் நடக்கும் நாளிலேயே அந்த முத்திரையின் போட்டோவைக் கேட்டு வாங்கிவிடுவார்.

ஏஜென்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பொறுப்பு முதலாளியை விட்டுப் போவதில்லை. சுங்கச் சட்டத்தின் 147-ஆவது பிரிவுப்படி, ஏஜென்ட் செய்தது உரிமையாளருக்குத் தெரிந்தும் அவர் சம்மதத்தோடும் நடந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். அப்படியில்லை என்றால் நிரூபிக்க வேண்டும். குறைத்துக் கட்டிய வரியைச் சாதாரணமாக 2 ஆண்டுகள் வரையிலும், வேண்டுமென்றே தகவலை மறைத்திருந்தால் 5 ஆண்டுகள் வரையிலும் திரும்பக் கேட்கலாம். 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம், சுங்க ஏஜென்ட் ஒவ்வொரு வியாபாரத்தின் உண்மைத்தன்மையையும் ஆராயும் இன்ஸ்பெக்டர் அல்ல, ஆவணங்களைக் கையாளும் முகவர் என்று தெளிவாகச் சொன்னது. அவரிடம் கொடுத்த தகவல் தவறென்றால் கேள்வி தகவல் கொடுத்தவரைத்தான் வந்தடையும்.

இதில் முதலாளி கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு தாள் உண்டு. பில் ஆஃப் என்ட்ரியைச் சுங்கத்தின் கணினியில் ஏற்றும் முன், ஏஜென்டின் ஆபீசிலிருந்து ‘செக்லிஸ்ட்’ என்று ஒரு பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வரும். பல யூனிட்டுகளில் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘ஓகே’ என்று பதில் போகிறது. திறந்து பார்த்தால் எல்லாம் அதில் இருக்கும்: மெஷினின் வர்ணனை, எட்டு இலக்கக் குறியீடு, கேட்கும் சலுகையின் நோட்டிபிகேஷன் எண், இன்வாய்ஸ் தொகை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ், எடை. ஒரே மெஷினைப் பிரித்து மூன்று கன்டெய்னரில் அனுப்பியிருக்க, செக்லிஸ்டில் ‘மெஷின் பாகங்கள்’ என்றிருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பிரித்து வந்தாலும் முழு மெஷின் முழு மெஷினாகத்தான் வகைப்படுத்தப்படும். பாகங்கள் என்று போட்டால் குறியீடும் வரியும் மாறிப்போகலாம். இதைப் பிடிக்கச் சுங்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. தன் மெஷினைத் தெரிந்திருந்தால் போதும், பத்து நிமிட வேலை.

ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கும்போது பேரம் எப்போதும் ஒரு பில்லுக்கு எவ்வளவு என்பதிலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. 1 கோடி ரூபாய் மெஷினுக்குச் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தைப் பார்ப்பது இடம் தவறிய சிக்கனம். இதே மாதிரி மெஷினை முன்பு கிளியர் செய்திருக்கிறாரா, எந்தக் குறியீட்டில், குவெரி வந்ததா, என்ன பதில் கொடுத்தார் என்று கேட்க வேண்டும். கட்டணம் தனி, துறைமுகச் செலவு தனி, ஒவ்வொன்றுக்கும் ரசீது என்று எழுத்தில் வாங்க வேண்டும். ரசீது இல்லாத ‘இதர செலவு’ என்று ஒரு வரி பில்லில் வந்தால் அதை ஏற்கக் கூடாது. ஏஜென்ட் தவறான வழியைக் காட்டினால் மறுக்க முதலாளிக்கு உரிமை உண்டு. அதேபோல முதலாளி விலையைக் குறைத்துக் காட்டச் சொன்னால், சட்டப்படி நடக்க அறிவுறுத்துவதும், கேட்காவிட்டால் சுங்க அதிகாரியிடம் சொல்வதும் 2018 விதிமுறையின்படி ஏஜென்டின் கடமை.

குறியீட்டிலேயே உண்மையான சந்தேகம் இருந்தால், ஆர்டர் கொடுக்கும் முன்பே மும்பையிலோ டெல்லியிலோ உள்ள முன்தீர்ப்பு ஆணையத்திடம் எழுதிக் கேட்கலாம். அங்கு கிடைக்கும் தீர்ப்பு சில ஆண்டுகள் செல்லும். புதுவகை மெஷினைத் தொடர்ந்து இறக்கப்போகிற நிறுவனங்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. சிறு நிறுவனங்களில் இப்படியொரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

இங்கே வங்கிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மெஷின் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது கொட்டேஷன், கட்டட வரைபடம், மூன்று வருட பேலன்ஸ் ஷீட் எல்லாம் கேட்கிறார்கள். சுங்கச் செலவு மட்டும் பல விண்ணப்பங்களில் ‘சுமார் இத்தனை சதவீதம்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. உரிமம் பெற்ற கஸ்டம்ஸ் புரோக்கர் ஒருவர் குறியீடு, வரி, கட்ட வேண்டிய ரொக்கம், தேவைப்படும் சான்றுகள் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்க மதிப்பீட்டைக் கடன் விண்ணப்பத்தோடு கேட்டால், முதலாளி தானாகவே ஆர்டருக்கு முன்பு ஏஜென்டிடம் போய்விடுவார். கடனும் சரியான தொகைக்குக் கிடைக்கும். மாவட்டத் தொழில் மையங்களும் இயந்திர மானியத்துக்கான விண்ணப்பத்தில் இதைச் சேர்க்கலாம். திருப்பூர், கோவை, கரூர், ஈரோடு தொழில் சங்கங்கள் தங்கள் ஊர் வங்கிக் கிளைகளிடம் இந்தக் கோரிக்கையை இந்த ஆண்டே எடுத்துச் செல்ல வேண்டும்.